ஜெரோனிமோஸ் மடாலயம், லிஸ்பன்: வழிகாட்டியோடு சுற்றுவதா, நாமே பார்ப்பதா?

செம்பருத்தி எழுதியது:

வணக்கம். ஜூன் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லிஸ்பன் போகிறேன். அம்மா வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெலேம் பகுதியில் இருக்கும் ஜெரோனிமோஸ் மடாலயத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ஆனால் மூட்டு வலி இருக்கிறது, நெடுநேரம் நிற்க முடியாது.

வழிகாட்டியோடு போவதற்கு இணையத்தில் இரண்டு விதமான சுற்றுகள் கிடைக்கின்றன. ஒன்று பெலேம் முழுவதையும் அரை நாளில் காட்டுவது, இன்னொன்று மடாலயத்துக்குள் மட்டும் கூட்டிப்போவது. விலையில் பெரிய வித்தியாசம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், வழிகாட்டி இல்லாமல் பார்த்தால் உண்மையிலேயே ஏதாவது இழக்கிறோமா? அம்மா ஒவ்வொரு சிலைக்கும் "இது யார், ஏன் இங்கே" என்று கேட்கக்கூடியவர். என்னால் பதில் சொல்ல முடியாது.

திசைமானி எழுதியது:

நடைமுறை விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே பார்க்க வேண்டியது இரண்டு பகுதி. ஒன்று தேவாலயம், அதற்குக் கட்டணம் இல்லை. இன்னொன்று மடத்தின் உள்முற்றமும் அதைச் சுற்றிய மண்டபங்களும், அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வரிசை. இது தெரியாமல் பலர் ஒரு வரிசையில் நின்றுவிட்டு அடுத்ததற்கு மறுபடியும் நிற்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. பூசை நடக்கும் நேரத்தில் தேவாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வெளியே நிழல் குறைவு, ஜூன் வெயிலில் அம்மாவை நிறுத்தாதீர்கள். காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

காய்ஸ் டு சொட்ரே நிலையத்திலிருந்து பெலேமுக்கு ரயில் உண்டு, சில நிமிடப் பயணம்தான். 15ஆம் எண் டிராமும் போகிறது, ஆனால் கூட்டம் நெரியும், உட்கார இடம் கிடைப்பது அரிது.

சுற்று பற்றி: பதிவு செய்வதற்கு முன் "உள்முற்றம் சேர்த்தியா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் பணம் கட்டிய ஒரு சுற்றில் வழிகாட்டி தெற்கு வாசலுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் பேசினார், "உள்ளே நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி எங்களை அடுத்த இடத்துக்கு ஓட்டிப்போனார். விளம்பரத்தில் மடாலயத்தின் பெயர்தான் முதலில் இருந்தது. அரை நாளில் பெலேம் முழுவதும் என்றாலே பெரும்பாலும் இப்படித்தான். அம்மாவுக்கு மடாலயம்தான் முக்கியம் என்றால், அதற்கு மட்டும் இருக்கும் சுற்றை எடுங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:

நான் கட்டடப் பொறியாளர். என் கருத்தில் இந்த இடத்துக்கு நல்ல வழிகாட்டி அவசியம். காரணம் சொல்கிறேன்.

முதலாம் மனுவேல் மன்னர் காலத்தில், 1501இல் தொடங்கிய வேலை முடிய ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனது. ஒருவர் வரைந்து ஒருவர் கட்டிய கட்டடம் இல்லை. டியோகோ டி போய்தாக்கா தொடங்கினார். 1517 முதல் ஜுவாவ் டி காஸ்தில்யோ பொறுப்பேற்றார். பிறகு டியோகோ டி தொரால்வா, அவருக்குப் பின் ஜெரோனிமோ டி ருவாவ். ஒவ்வொருவர் கையும் கல்லில் தனியாகத் தெரிகிறது. வெறுமனே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைச் சிற்ப வேலைதான். "இது வரைக்கும் போய்தாக்கா, இங்கிருந்து காஸ்தில்யோ" என்று ஒருவர் விரல் நீட்டிக் காட்டிவிட்டால் அப்புறம் நமக்கே பிடிபடத் தொடங்கிவிடும்.

உள்முற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 55 மீட்டர் சதுரம், இரண்டு தளம். கீழ்த்தளத்தைத் தொடங்கியவர் போய்தாக்கா, மேல்தளத்தை எழுப்பியவர் காஸ்தில்யோ. நான்கு மூலைகளையும் செங்கோணமாக விடாமல் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். அதனால் நடக்கும்போது ஒரு பக்கம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம் கண்ணில் இடறுவதே இல்லை. வளைவுகளில் கப்பல் கயிறு, கடல் உயிர்கள், இலை கொடிகள், மனுவேலின் சின்னமான வளையக் கோளம், கிறிஸ்து சபை என்ற வீரத்துறவிகள் அமைப்பின் சிலுவை எல்லாம் கலந்து கிடக்கும். போர்த்துகீசியருக்கே உரிய மனுவேல் பாணி என்பது இதுதான். அடிப்படை கோதிக், அதன் மேல் கடலும் அரசும் மதமும் சேர்ந்த அலங்காரம். எல்லாம் லியோஸ் என்ற சுண்ணாம்புக்கல். லிஸ்பன் சுற்றுப்புறத்தில் கிடைப்பது, நுணுக்கமாகச் செதுக்க ஒத்துழைக்கும். மாலை வெயிலில் பொன்னிறம் ஏறும்.

தேவாலயத்துக்குள் போனதும் எல்லோரும் தலையைத் தூக்குவார்கள். நடுக்கூடத்தின் தூண்கள் ஒல்லியாக உயர்ந்து, உச்சியில் தென்னை மட்டை விரிவதுபோல விலா விலாவாகப் பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. மூன்று கூடங்களுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், அதனால் இடம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அங்கேயே நின்றுவிடாதீர்கள். பலிபீடத்துக்கு முன்னால் குறுக்காக ஓடும் பகுதிக்குப் போய் மேலே பாருங்கள். 29 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கூட இல்லை. கல் கூரை அப்படியே நிற்கிறது. காஸ்தில்யோ இதை 1522இல் முடித்தார். 1755 நவம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கத்தில் லிஸ்பன் நகரமே நொறுங்கியபோதும் இந்தத் தேவாலயம் விழவில்லை. கட்டடத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த இடத்தில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

சாதாரண வழிகாட்டிகள் இந்தக் குறுக்குக் கூடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நல்லவர் உங்களை அதன் அடியில் நிறுத்தி வைப்பார்.

தனிவழி எழுதியது:

உளிச்சத்தம் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. முடிவோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை.

குழுவோடு போனால் நம் கண் போகும் இடத்துக்கும் வழிகாட்டி நிற்கும் இடத்துக்கும் பொருந்தாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு முன்னால் போகும் கொடியைப் பார்த்தே நடப்போம். உள்முற்றம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம், அதுவும் அம்மாவுக்கு மூட்டு வலி என்கிறீர்கள். முந்தின வாரம் இரண்டு மாலை வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு, நீங்களே நிதானமாகக் கூட்டிப்போவதுதான் நல்லது என்பேன்.

வழிகாட்டி இல்லாமலேயே நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். கீழ்த்தளத்தில், தேவாலயத்தை ஒட்டிய சுவரில் வரிசையாகச் சின்னக் கதவுகள், மொத்தம் 12. பாவசங்கீர்த்தன அறைகள். துறவி மடத்துப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைவார், பாவத்தைச் சொல்ல வந்தவர் தேவாலயப் பக்கத்திலிருந்து வருவார். நடுவில் கம்பித் தடுப்பு. இந்த மடம் ஜெரோனிமைட் துறவிகளுக்காகக் கட்டப்பட்டது. மன்னரின் ஆன்மாவுக்காகச் செபிப்பதும், ரெஸ்தேலோ (பெலேமின் பழைய பெயர்) கரையிலிருந்து கடலுக்குப் போகும் மாலுமிகளுக்கு ஆறுதல் சொல்வதும் அவர்களுடைய கடமை. திரும்பி வருவோமா என்று தெரியாமல் கப்பல் ஏறப்போகிறவன் வந்து மண்டியிட்ட இடம் அந்தக் கதவுகளுக்குப் பின்னால்தான். அதை நினைத்துக்கொண்டு அந்தச் சுவரோரம் நெடுநேரம் நின்றேன். குழுவில் போயிருந்தால் நின்றிருக்க முடியாது.

மேல் பாடகர் தளத்தையும் விட்டுவிடாதீர்கள். உள்முற்றத்தின் மேல்தளம் வழியாகப் போக வேண்டும். அங்கிருந்து தேவாலயம் முழுவதும் கீழே விரிந்து தெரியும். 16ஆம் நூற்றாண்டின் மர இருக்கைகள் இருக்கின்றன. படி ஏற வேண்டும், அம்மாவால் முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாவசங்கீர்த்தனக் கதவுகள் பற்றிப் படித்துக் காட்டியதும் அம்மா அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறார். படி மெதுவாக ஏறுவாராம். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறதா என்றும் கேட்கிறார்.

நெய்தல் எழுதியது:

இருக்கிறது. மேற்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும், மேல் பாடகர் தளத்துக்கு அடியிலேயே. ஒரு பக்கம் காமா, மறுபக்கம் கவிஞர் காமோயிஸ். இரண்டுமே 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் செய்த கல்லறைகள். காமா 1524இல் கொச்சியில் இறந்தார். முதலில் அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். 1539இல் உடல் போர்த்துகலுக்குப் போனது. 1880இல்தான் ஜெரோனிமோஸுக்கு வந்தது.

வழிகாட்டி வேண்டுமா என்பதற்கு என் அளவுகோல் இந்தக் கல்லறைதான். நான் போன குழுவின் வழிகாட்டி இதன் முன்னால் நின்று "இந்தியாவைக் கண்டுபிடித்த வீரர்" என்று தொடங்கி, 1497இல் புறப்படும் முன் இங்கிருந்த சிறு ஆலயத்தில் காமா இரவு முழுவதும் செபித்ததை உருக்கமாகச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 1502இல் மலபார்க் கரைக்கு மறுபடி வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலை மறித்து, சரக்கைப் பறித்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட உள்ளே இருந்தவர்களோடு எரித்ததும் இதே காமாதான். போர்த்துகீசியர்களே எழுதி வைத்திருக்கும் செய்தி இது. என் தாய்வழிக் குடும்பம் கண்ணூர்ப் பக்கம். அந்தக் கல்லறையைக் கைதட்டிக் கடந்து போக என்னால் முடியாது.

கட்டடத்துக்குப் பணம் வந்த வழியும் அப்படித்தான். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த வணிகத்தில் 20இல் ஒரு பங்கை வரியாக எடுத்துக் கட்டினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 70 கிலோ தங்கத்துக்குச் சமம் என்று கணக்கு சொல்கிறார்கள். ஆப்பிரிக்க வணிகம் என்றால் அந்தக் காலத்தில் தங்கம் மட்டும் இல்லை, மனிதர்களும்தான். கல் எவ்வளவு அழகு என்று ஒரு மணி நேரம் பேசுகிற வழிகாட்டி, கல்லுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று ஐந்து நிமிடம் பேச வேண்டாமா?

திசைமானி எழுதியது:

நெய்தல் சொல்வது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் எல்லா வழிகாட்டிகளும் ஒரே மாதிரி இல்லை. நான் இரண்டாவது தடவை போனபோது கூட வந்த பெண்மணி லிஸ்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், வரலாறு படித்தவர். வரிப்பணம் பற்றி அவரே தொடங்கினார், அடிமை வணிகம் பற்றியும் பேசினார். குழுவில் பிரேசில்காரர் ஒருவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். குழு சின்னது, அதனால்தான் அப்படி ஒரு பேச்சு சாத்தியமானது என்று நினைக்கிறேன். நாற்பது பேரை இழுத்துக்கொண்டு போகிறவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

உளிச்சத்தம் எழுதியது:

நெய்தல், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கல்லை ரசிப்பதும் அந்தப் பணத்தின் கதையைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நான் நினைக்கவில்லை. சேர்த்துச் சொல்கிறவர்தான் நல்ல வழிகாட்டி.

அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். மன்னர் பெயரும் தலைமைக் கட்டடக் கலைஞர் பெயரும் சொல்கிறார்கள், உளி பிடித்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த உள்முற்றத்தின் ஒவ்வொரு தூணும் வேறு வேறு அலங்காரம். எத்தனை கைகள் உழைத்திருக்க வேண்டும்! 19ஆம் நூற்றாண்டிலும் ஒரு கதை உண்டு. 1833இல் துறவிகளை வெளியேற்றி அரசு கட்டடத்தை எடுத்துக்கொண்டது. பிறகு அது காசா பியா என்ற ஆதரவற்ற குழந்தைகளுக்கான நிறுவனத்திடம் போனது. அந்தக் காலத்தில் ரம்போவா, சினாத்தி என்ற இத்தாலிய நாடக மேடை ஓவியர்கள் இருவரைக் கொண்டு கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். முகப்பில் அவர்கள் எழுப்பிய நடுக்கோபுரம் 1878 டிசம்பரில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்று வெளியே நின்று பார்க்கும்போது மேற்கு நோக்கி நீளும் அந்த நெடிய பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வேலை நிறைய. 500 வருடப் பழமை என்று ஒட்டுமொத்தமாகக் காட்டிவிட்டுப் போகிற வழிகாட்டியிடம் "இதில் எது மனுவேல் காலத்தது, எது பின்னால் சேர்த்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

முத்துக்கரை எழுதியது:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பேச்சில் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஓரிடம் உண்டு.

1554இல் லிஸ்பனில் ஒரு சிறு மறைக்கல்விப் புத்தகம் அச்சானது. தமிழ் மொழி, ஆனால் ரோமன் எழுத்தில், போர்த்துகீசிய மொழியோடு சேர்த்து. தமிழ் முதலில் அச்சேறியது அங்கேதான். நம் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வந்தது 1578இல். அந்த லிஸ்பன் புத்தகத்துக்கு உழைத்தவர்கள் வின்சென்தே டி நசரேத், ஜார்ஜ் கர்வால்யோ, தொமே டா குரூஸ் என்று மூன்று தமிழர்கள். பெயர்தான் போர்த்துகீசியம். முத்துக்குளித்துறையின் மக்கள் ஞானஸ்நானம் பெற்ற சில வருடங்களிலேயே அந்த நகரத்தில் தமிழ் பேசியவர்கள் நடமாடியிருக்கிறார்கள். மடாலயத்தில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்த காலம்.

புத்தகத்தின் பிரதி பெலேமில் உள்ள அருங்காட்சியகச் சேகரிப்பில் இருப்பதாகப் படித்திருக்கிறேன். ஜெரோனிமோஸின் மேற்குப் பகுதியில்தான் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பார்வைக்கு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வரலாற்று ஆசிரியை என்பதால் அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

அண்ணா, இதைப் படித்ததும் அம்மா எழுந்து போய்ப் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த மூன்று பெயரையும் எழுதிக்கொண்டார்! எழுதிக் கேட்டுப் பார்க்கிறோம்.

அப்புறம் இன்னொரு கேள்வி. லிஸ்பனில் ஐந்து நாள் இருப்போம். இதே பாணியில் வேறு மடாலயங்கள் பக்கத்தில் உண்டா? தோமார், பத்தால்யா என்ற பெயர்கள் கண்ணில் படுகின்றன.

வெண்சுவர் எழுதியது:

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் தோமார் என்பேன். ஜெரோனிமோஸைவிடவே எனக்கு அது மேல்.

தோமாரின் கிறிஸ்து மடம் முதலில் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் கோட்டை, 1160இல் தொடங்கியது. அவர்கள் சபை கலைக்கப்பட்ட பிறகு 1319இல் கிறிஸ்து சபை உருவாகி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. கப்பல் பாய்களில் இருந்த அந்தச் சிவப்புச் சிலுவை இவர்களுடையதுதான். உள்ளே டெம்ப்ளர்கள் கட்டிய வட்டமான தேவாலயம் இருக்கிறது, பின்னாளில் முழுக்க ஓவியமும் பொன்னும் பூசினார்கள். அதிலிருந்து வெளியே வந்தால், டியோகோ டி அருடா 1510க்குப் பிறகு செதுக்கிய அந்தப் புகழ்பெற்ற சன்னல். முறுக்கிய கயிறு, பவளம், மரவேர், சங்கிலி எல்லாம் கல்லில் திமிறிக்கொண்டு நிற்கும். மனுவேல் பாணி எவ்வளவு தூரம் துணிந்தது என்று பார்க்க அந்த ஒரு சன்னல் போதும். ஜெரோனிமோஸில் அலங்காரம் ஒழுங்குக்குள் அடங்கியிருக்கும், இங்கே அடங்கவே இல்லை. கூட்டமும் குறைவு. லிஸ்பனிலிருந்து நேரே ரயில் உண்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

பத்தால்யா வேறு காலம். 1385இல் அல்ஜுபரோத்தா போரில் காஸ்தீலியரை (இன்றைய ஸ்பெயினில் இருந்த அண்டை அரசு) வென்றதற்கு நேர்த்திக்கடனாக முதலாம் ஜுவாவ் மன்னர் கட்டத் தொடங்கியது. பெரும்பகுதி கோதிக். அதன் பின்பக்கம் கூரையே போடாமல் விட்ட மண்டபங்கள் இருக்கின்றன. அதன் வாசலில் மத்தேயுஸ் ஃபெர்னாண்டிஸ் செய்த மனுவேல் பாணி வேலை, கல்லில் செய்த சரிகை மாதிரி என்று எல்லோரும் சொல்வதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். மனுவேலின் கவனமும் பணமும் ஜெரோனிமோஸ் பக்கம் போனதும் ஒரு காரணம், அந்த மண்டபங்கள் முடியவே இல்லை. இரண்டையும் பார்த்தவர்களுக்கு இந்தத் தொடர்பு நன்றாகப் புரியும்.

பத்தால்யா போனால் பக்கத்திலேயே அல்கோபாசாவும் உண்டு. சிஸ்டர்சியன் துறவிகளுடையது. அலங்காரம் ஏதும் இல்லாத நெடிய வெள்ளைக் கூடம், முதலாம் பேத்ரோ மன்னரும் அவருடைய காதலி இனெஸும் பாதம் நோக்கிப் பாதமாகப் படுத்திருக்கும் கல்லறைகள்.

தனிவழி எழுதியது:

வெண்சுவர் தோமாரை இவ்வளவு புகழ்வது எனக்கும் சம்மதமே. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து மடம் குன்றின் மேல். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, அம்மாவுக்கு டாக்ஸி வைத்துவிடுங்கள். உள்ளேயும் தளங்கள் மேலும் கீழுமாகப் போகும், முற்றங்களே எட்டு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. வட்டத் தேவாலயம், சன்னல், அப்புறம் பெரிய முற்றம், போதும். அங்கே நான் வழிகாட்டியை எதிர்க்க மாட்டேன், வழி தெரியாமல் சுற்றினால் நடைதான் மிஞ்சும்.

ஜெரோனிமோஸில் அம்மாவுக்காக இன்னும் இரண்டு விஷயம். பலிபீடப் பகுதியில் மன்னர்களின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் சுமக்கின்றன. குறுக்குக் கூடத்தில் செபாஸ்தியாவ் மன்னரின் கல்லறையிலும் யானைகள்தான். 1578இல் மொரோக்கோவில் போரில் காணாமல் போனவர் அவர். அந்தக் கல்லெழுத்திலேயே "செய்தி உண்மையானால்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். உள்ளே கிடப்பது அவர்தானா என்று அப்போதே சந்தேகம்.

நெய்தல் எழுதியது:

செம்பருத்தி, நீங்கள் வழிகாட்டி எடுப்பதாக முடிவு செய்தால், பதிவு செய்யும்போதே குழுவில் எத்தனை பேர், வழிகாட்டி உள்ளே வருவாரா, நடுவில் உட்கார நேரம் கொடுப்பாரா என்று கேளுங்கள். உள்ளே போனதும் காமா கல்லறை முன்னால் அம்மாவையே மீரி கப்பல் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வயதில், ஆசிரியையாக இருந்தவர் கேட்டால் யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

திசைமானி எழுதியது:

ஆமாம், தனியார் வழிகாட்டியை இரண்டு பேருக்கு மட்டும் வைத்துக்கொள்வதையும் யோசியுங்கள். செலவு அதிகம்தான், ஆனால் அம்மாவின் வேகத்துக்கு நடக்கலாம், தனிவழி சொன்னபடி நினைத்த இடத்தில் உட்காரலாம். இரண்டு மணி நேரம் போதும். முதலில் தேவாலயத்தில் தொடங்கச் சொல்லுங்கள், கூட்டம் சேரும் முன் குறுக்குக் கூடத்தைப் பார்த்துவிடலாம். பிறகு உள்முற்றம். உணவுக் கூடத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓடுகளில் விவிலியக் காட்சிகள் வரைந்திருக்கிறார்கள், அங்கே அவசரப்பட வேண்டியதில்லை. மேல்தளம் கடைசியில், கால் ஒத்துழைத்தால் மட்டும்.

பத்தால்யாவுக்கு ரயில் கிடையாது, பேருந்து அல்லது வாடகைக் கார். ஐந்து நாளில் தோமாரும் பத்தால்யாவும் இரண்டும் வேண்டுமென்றால் காரை இரண்டு நாளுக்கு எடுத்து தோமாரில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் அம்மாவுக்குத் தாங்காது.